திருகிப்போன கூடாரம்

தட்டைத் துணியை உருண்டையாக்குவது லேசான காரியம் இல்லை. நம்பாதவர்கள் ஒரு தலையணை உறையை எடுத்துக் கவிழ்த்த சட்டிமேல் போர்த்திப் பார்க்கலாம். எப்படி இழுத்துவிட்டாலும் எங்கேயாவது மடிப்பு விழுந்தே தீரும். அதனால்தான் வட்டக் கூடாரம் செய்கிறவர்கள் துணியை இதழ் இதழாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு இதழும் அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல், இரண்டு ஓரமும் லேசாக வயிறு வைத்த வளைவு. அவற்றைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்து, நுனிகள் எல்லாம் கூடும் உச்சியில் ஒரு வட்டத் துண்டை வைத்து மூடிவிட்டால் கூடாரம் தயார். அந்தப் பட்டறையில் யாரும் அதைக் கூடாரம் என்று சொல்வதில்லை, சட்டி என்பார்கள். அதைத் தைக்கிறவள் சட்டியக்கா.

சட்டியக்காவுக்கு வேலையில் கெட்டிக்காரத்தனம் எவ்வளவோ அவ்வளவு தலைக்கனமும் உண்டு. ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின். அதில் வேறு யார் உட்கார்ந்தாலும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். "அதுக்கு என் கைதான் பழக்கம்" என்பாள். உண்மை என்னவென்றால், லீவு போடுவதற்கு முதல்நாள் நூலை இறுக்கும் திருகை அவளே ஒரு சுற்று முறுக்கிவிட்டுப் போவாள். இது பட்டறை முழுக்கத் தெரியும், முதலாளியைத் தவிர. தெரிந்தும் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, ஏனென்றால் அவள் அளவுக்குத் தைக்க அங்கே ஆள் இல்லை.

அந்தப் பட்டறையில் துணி வெட்டுகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுவாள். அதனால் தம்பி அக்காவின் இடுப்பிலேயே வளர்ந்தான். அவன் எதை உடைத்தாலும் "நான்தான்" என்று அவள் போய் நிற்பாள். பக்கத்து வீட்டுக் கண்ணாடி உடைந்தபோது அவள் அந்தத் தெருவிலேயே இல்லை, கடைக்குப் போயிருந்தாள். அப்போதும் நான்தான் என்றாள். அம்மாவுக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. அடி வாங்க ஒருத்தி தயாராக நிற்கும்போது வேறு ஆளைத் தேட வேலைக்குப் போகிறவளுக்கு நேரம் ஏது? பிறகு அக்கா பட்டறையில் சேர்ந்து, கார் உறை, மேசை உறை என்று தைத்து, குழந்தைகள் புகுந்து விளையாடும் குட்டிச் சட்டிகளுக்கு வந்து பெயரெடுத்ததும், தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டாள். துணி மடிக்க வந்தவன் சில வருடங்களில் கத்தரியைப் பிடித்தான்.

அவன் வெட்டும் அழகைப் பார்க்க வேண்டும். இதழ் வடிவில் வெட்டிய அளவு அட்டையை வைத்து சாக்பீஸால் ஒரே கோடு. அதன்மேல் கத்தரி போனால் நடுவில் நிற்காது. இதழ் ஓரத்தில் ஒரு கை இடைவெளிக்கு ஒன்றாகக் கத்தரி நுனியால் சின்னதாக ஒரு கீறல் போடுவான். தொழிலில் அதை நாட்ச் என்பார்கள். இரண்டு இதழைச் சேர்க்கும்போது இந்த இதழின் நாட்சும் அந்த இதழின் நாட்சும் நேருக்கு நேர் வர வேண்டும். காரணம், மெஷினுக்குப் பாரபட்சம் உண்டு. அடியில் இருக்கும் பல் கீழ்த்துணியை இழுத்துக்கொண்டு ஓடும், மேல்துணி பின்தங்கும். நாட்ச் பார்த்துக் குண்டூசி குத்தித் தைத்தால் இரண்டும் சேர்ந்து வந்து சேரும். பார்க்காவிட்டால் தையல் முடியும் இடத்தில் மேல்துணி மிஞ்சும்.

சட்டியக்கா நாட்ச் பார்ப்பதில்லை, குண்டூசியும் குத்துவதில்லை. அதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்பது அவள் எண்ணம். கீழ்த்துணியை விரலால் கொஞ்சம் இழுத்துப் பிடித்தே சமாளித்துவிடுவாள். குட்டிச் சட்டியில் ஓரம் குட்டை, அதனால் தப்பித்துக்கொண்டிருந்தாள். "ஏன்டா துணியை எலி கடிச்ச மாதிரி கொத்தி வைக்கிற?" என்று தம்பியைக் கிண்டல் செய்வாள். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த நாட்சைப் போடுவான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய சட்டி கேட்டு வந்தார்கள். உள்ளே ஒரு வகுப்புப் பிள்ளைகள் உட்கார வேண்டும், இருட்டாக்கி, உள்கூரையில் விளக்கால் நட்சத்திரம் காட்டுவார்களாம். கம்பி கிடையாது, மின்விசிறிக் காற்றிலேயே நிற்க வேண்டும். கறுப்பு நைலான் துணி, கையில் நிற்காத வழுவழுப்பு. ஒவ்வொரு இதழும் பட்டறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நீண்டு கிடந்தது. பட்டறையே அதுவரை பார்க்காத வேலை. முதலாளி பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைப் பற்றிப் பேசினார்.

தம்பி வெட்டினான். அக்கா வழக்கம்போல் நாட்ச் பார்க்காமல் உச்சியிலிருந்து அடிநோக்கித் தைத்தாள். முதல் தையல் முடிந்தபோது அடியில் மேல்துணி இரண்டு விரல் அகலம் மிஞ்சியது. அந்த இடத்தில் அவள் தையலைப் பிரித்திருக்க வேண்டும். பிரித்தால் பக்கத்து மெஷின்காரிகள் பார்ப்பார்கள். சட்டியக்கா தையல் பிரிக்கிறாள் என்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் பட்டறை முழுக்கப் பரவிவிடும். அவள் கத்தரியை எடுத்து, மிஞ்சியதை வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். அடுத்ததிலும் மிஞ்சியது, அதையும் வெட்டினாள். ஒவ்வொரு தடவையும் புது இதழ்தான் மேலே வந்தது. அதனால் எல்லாத் தையலும் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டது. கடைசித் தையலுக்கு வந்தபோது ஒரு உள்ளங்கை அகலம் வெட்டினாள். காற்றடைத்தால் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சரியாகாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

பட்டறை முற்றத்தில் விரித்து விசிறியைப் போட்டார்கள். பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் வந்திருந்தார். சட்டி மெல்ல எழுந்தது. எழும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தையல்கள் உச்சியிலிருந்து நேராக இறங்காமல் திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு இறங்கின. உச்சி வட்டம் ஓரமாகப் போய், போதையில் தொப்பி போட்டவன் தலைபோல நின்றது. டீச்சர் நல்ல மாதிரி, இப்படித்தான் இருக்குமா என்று மட்டும் கேட்டார். முதலாளிக்கு முகம் செத்துவிட்டது.

அவர் அக்காவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "வெட்டா, தையலா?" என்று கேட்டார்.

சட்டியக்கா வாயைத் திறந்தாள். சொல்லத்தான் திறந்தாள், அதைச் சந்தேகப்பட வேண்டாம். அதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"வெட்டாத்தான் சார் இருக்கும். அக்கா தையல்ல தப்பு வராது."

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அன்றைக்கு அந்த முற்றத்தில் எல்லார் கண்ணெதிரேயும் நடந்தது, யாருக்கும் தெரியவில்லை.

முதலாளி கத்துகிற மனிதர் இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி, டீச்சரிடம் அவகாசம் கேட்டு வாங்கினார். திருகிய சட்டியைச் சாக்கில் கட்டிப் பரணில் போடச் சொன்னார். வளைவு வெட்டும் வேலையைத் தம்பியிடமிருந்து எடுத்துவிட்டு, பை, மூட்டை உறை என்று நேர்க்கோட்டு வேலையாகக் கொடுத்தார். கொஞ்ச நாளில் எல்லாம் ஆறிவிடும் என்று சட்டியக்கா கணக்குப் போட்டாள். அவளுடைய வீட்டுக்காரரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். வேன் ஓட்டுகிறவர், உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் ஹாரன் அடித்துவிட்டுக் கடந்து போவதுதான் வழி என்று நம்புகிறவர். அவன்தானே தானாக ஏற்றுக்கொண்டான், விட்டுவிடு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

விட முடியவில்லை. தம்பி கோபித்துக்கொண்டிருந்தால் விட்டிருக்கலாம். அவன் அக்காவைச் சந்தேகப்படவே இல்லை, தன் கையைச் சந்தேகப்பட்டான். எங்கே தவறினோம் என்று தெரியாததால் எல்லா இடத்திலும் தவறியிருக்கலாம் என்று நினைத்தான். சாக்பீஸ் கோட்டின்மேல் இன்னொரு கோடு போட்டான். அதை அழித்துவிட்டு மறுபடி போட்டான். நேரான பைத்துணியை வெட்டும்போதே கத்தரி பாதியில் நின்றது. ஒருநாள் கோடு போட்ட துணியைத் தூக்கிக்கொண்டு அவளுடைய மெஷினுக்கே வந்துவிட்டான்.

"அக்கா, கொஞ்சம் பாரேன். இது நேராத்தானே இருக்கு?"

நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. இருக்கிறது என்று சொன்னாள். அவன் அதையும் நம்பாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனான். அதற்குப் பிறகு அவன் தினமும் கொண்டுவந்து காட்ட ஆரம்பித்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தால் பரவாயில்லை, அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு நேராத்தான்டா இருக்கு என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பரணுக்குக் கீழே நடக்கும்போது நிமிர்ந்து பார்க்காமல் நடந்தாள். அப்போதும் சொல்லவில்லை. சொல்ல ஆயிரம் வாய்ப்பு இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

தம்பியின் மனைவி ஒருநாள் பட்டறை வாசலுக்கே வந்து நின்றாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. வீட்டில் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிறார், சட்டை பொத்தான் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று என்னைக் கேட்கிறார் என்று சொன்னாள். கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்களாம், அங்கே பேசிவிட்டு வந்துவிட்டாராம். முதுகு ஒத்துழைக்காது என்று இவள் சொன்னதற்கு, மூட்டையில் கோணல் வராது என்றாராம்.

"அண்ணி, நீங்க சொன்னா கேப்பாரு. கத்தரியை விட்டுட்டா அவருக்கு வேற என்ன தெரியும்?"

சட்டியக்கா சொல்கிறேன் என்றாள். இந்தத் தடவை நிஜமாகவே சொல்லப் போனாள்.

லீவு நாள் மத்தியானம். தம்பி தன் வீட்டு மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். கொடியில் போட்ட துண்டின் இரண்டு முனையும் சமமாகத் தொங்குகிறதா என்று குனிந்து பார்த்து, இழுத்து, மறுபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஈரச்சட்டை ஒன்றை எடுத்து உதறிக்கொண்டே சொன்னாள். சட்டையைப் பார்த்துத்தான் சொன்னாள், அவனைப் பார்க்க முடியவில்லை.

"அந்தப் பெரிய சட்டி கோணினது உன்னால இல்லடா. நான்தான். நாட்ச் பாக்காம தெச்சேன். மிஞ்சினதை வெட்டிப் போட்டேன்."

தம்பி துண்டை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவள் எதிர்பார்க்கவே இல்லை.

"நீ எப்பவும் இப்படித்தான்க்கா. கண்ணாடி உடைஞ்சாலும் நீ, துணி கோணினாலும் நீ. எனக்கு இப்ப சின்ன வயசு இல்ல. என் தப்பை நான் தாங்கிக்கிறேன், விடு."

அவள் சத்தியம் செய்தாள். சின்ன வயதிலும் இப்படித்தான் பொய்ச் சத்தியம் செய்வாள் என்று அவன், மாடிக்கு வந்த தன் மனைவியிடம் சொல்லிச் சிரித்தான். ஆயுசு முழுக்க அவனுக்காகப் பொய்யாக ஒப்புக்கொண்டவள், முதல்முறையாக நிஜமாக ஒப்புக்கொள்ள வந்து, நல்ல அக்கா என்று பெயர் வாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். வந்ததைவிடப் பாரமாகப் போனாள்.

மறுநாள் காலை பட்டறையில் மெஷின்கள் ஓடத் தொடங்கியிருந்தன. சட்டியக்கா ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினாள். சாக்கைக் கீழே தள்ளினாள். வெட்டும் மேசையில் தம்பி விரித்திருந்த பைத்துணியை ஒதுக்கிவிட்டுக் கறுப்பு நைலானைக் கொட்டினாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி டீ கிளாஸோடு எழுந்து வந்தார். அவள் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. பிளேடை எடுத்து, உச்சியிலிருந்து ஒரு தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். மடித்து இரட்டைத் தையல் போட்டிருந்ததால் பிரிவதற்கு நேரம் பிடித்தது. பெருமைக்காகக் கெட்டியாகத் தைத்த தையல், பிரிக்கும்போது அவளையே படுத்தியது.

மடிப்புக்குள்ளே தம்பியின் நாட்சுகள் இருந்தன. உச்சிக்குப் பக்கத்தில் இரண்டு இதழின் நாட்சும் நேருக்கு நேர். அடுத்ததில் மேல் நாட்ச் ஒரு நூல் தள்ளி. அதற்கடுத்ததில் ஒரு அரிசி தள்ளி. கீழே போகப் போக விலகல் கூடியது. அடி ஓரத்தில் மேல் இதழின் கடைசி நாட்சே இல்லை, அவள் வெட்டிப் போட்டதோடு போயிருந்தது. பிரித்த இதழை அவள் அட்டைமேல் வைத்தாள். அவள் வெட்டிய அடியைத் தவிர மற்ற ஓரமெல்லாம் அட்டையோடு ஒட்டிக்கொண்டது.

"வெட்டு சரி சார். தையல்தான்" என்றாள் முதலாளியிடம்.

முதலாளி டீயைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. மெஷின்காரிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இத்தனை வருடத் தலைக்கனம் மேசைமேல் பிரிந்து கிடப்பதைப் பார்க்க அவர்களுக்கே சங்கடமாக இருந்தது. தம்பி மட்டும் கிட்டே வந்து குனிந்தான். விரல் நுனியால் ஒவ்வொரு நாட்சாகத் தொட்டுக்கொண்டே மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தான். திரும்பி வந்து அவளுக்கு எதிரே நின்றான்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் யோசித்தேன் என்று சொன்னால் போதும், அவன் நம்பியிருப்பான்.

"தெக்கும்போதே தெரியும்" என்றாள்.

"அன்னைக்கு முற்றத்துல நான் சொன்னப்போ?"

"தெரியும்."

"நான் தினம் உன்கிட்ட கொண்டுவந்து காட்டினேனே, அப்போ?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவன் கத்தவில்லை. எதையும் தூக்கி எறியவும் இல்லை. மேசையிலிருந்த கறுப்புத் துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, தன் பைத்துணியைத் திரும்ப விரித்துக்கொண்டான். அவள் அங்கேயே நின்றாள். அவன் நிமிரவில்லை என்றதும் போய் மெஷினில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அழ என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்துச் சட்டிக்குப் புது நைலான் வந்தது. நஷ்டத்தைப் பற்றி முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை, அதுவே அவளுக்கு ஒரு தண்டனையாக இருந்தது. தம்பி கிடங்குக்குப் போகவில்லை. அட்டையை வைத்தான். சாக்பீஸால் ஒரு கோடு. அதன்மேல் இன்னொரு கோடு விழவில்லை. கத்தரி மேசைமேல் ஓடிய சத்தம் சுவரிலிருந்து சுவர்வரை நடுவில் நிற்காமல் போனது. சட்டியக்கா மெஷினை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கை அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. நடந்ததிலேயே அவள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதையும் எவ்வளவு தாமதமாகச் செய்தாள்.

வெட்டிய இதழ்களைத் தோளில் போட்டுக்கொண்டு அவனே அவளிடம் வந்தான். வைத்துவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் நாட்சோடு நாட்சை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டூசி குத்தி, கற்றுக்குட்டியைப்போல் மெதுவாகத் தைத்தாள். மெஷின்காரிகள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்தது. அடியில் எதுவும் மிஞ்சவில்லை.

"குடு, பாக்கறேன்" என்று அவன் கையை நீட்டினான்.

தையலைத் திருப்பி, கட்டைவிரலால் மடிப்பை விலக்கி, உச்சியிலிருந்து அடிவரை ஒவ்வொரு நாட்சாகப் பார்த்தான். ஒன்றைக்கூட விடவில்லை. அவன் முகத்தில் கோபம் இல்லை, அவளைக் குத்திக்காட்டும் எண்ணமும் இல்லை. அவள் தைத்ததைப் பார்க்காமல் நம்ப அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். அக்கா தையலில் தப்பு வராது என்று சொன்ன அதே தம்பி. சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு அடுத்த இதழை எடுத்துக் கொடுத்தான். அடுத்த தையல் முடிந்ததும் மறுபடி கை நீண்டது. அவளுக்கு முகம் எரிந்தது. அதற்கடுத்ததுக்கும் நீண்டது.

நான்காவது தையலின் அடியில் அவள் மெஷினை நிறுத்தி, நூலை அறுத்தாள். அவன் கை நீட்டுவதற்கு முன்பே மடிப்பைத் தானே விலக்கிப் பிடித்து, அவன் பக்கம் நீட்டினாள்.